நூல் நிற்கிற நொடி

என்னை ஏமாற்றிவிட்டு ஊருக்குள் நிமிர்ந்து நடந்தவன் என்று ஒருத்தனைக்கூடக் காட்ட முடியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டியவன் நான். கிணறு வெட்டுகிற இடத்தில் மண் சுமந்து, பிறகு டிராக்டருக்கு டிரைவராகி, பிறகு அந்த டிராக்டரையே வாங்கி, இன்றைக்குக் குளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆவுடையார்கோவில் வரைக்கும் அறுவடைக் காலத்தில் போய்ப் பாருங்கள், வயலில் ஓடுகிற மெசின்களில் என் பெயர் எழுதியிருக்கும். படித்தவர்கள் காகிதத்தைப் பார்ப்பார்கள். நான் ஆளைப் பார்ப்பேன். அப்படிப்பட்ட நானே இன்றுவரை இன்னார் என்று முடிவுகட்ட முடியாமல் விட்ட ஆள் ஒருவர் உண்டு. ஊர் அவரை எறகுக்காரர் என்றது. பெற்றவர்கள் வைத்த பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கேயாவது இருந்து இதைப் படித்தாரென்றால், எந்த வரியில் நான் பேனாவை நிறுத்தினேன் என்பதைக் கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட கண்.

எங்கள் ஊர் பொன்னமராவதியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஊருக்கு மேற்கே பெரிய கண்மாய். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். கரையில் நின்று ஒருவர் வெள்ளைத் துண்டை வீசினால், நாலு பக்கமும் காத்து நிற்கிற சனம் வலை, கூடை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு உள்ளே பாயும். பிடித்தது பிடித்தவருக்கு. விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். மழைக்காகச் செய்கிற காரியம் அது. எறகுக்காரர் வந்த வருசம் கண்மாய் நிறைந்ததும் கட்லாக் குஞ்சும் ரோகுக் குஞ்சும் பை பையாக வேனில் கொண்டுவந்து விட்டவன் நான். அதனால் துண்டு வீசுகிற மரியாதையும் எனக்கு. மண் சுமந்த கையில் வெள்ளைத் துண்டு! ஆனால் அதில் ஒரு ஆபத்தும் இருந்தது. சனம் இறங்கி வெறும் சேற்றைத் தடவிவிட்டு ஏறினால், துண்டு வீசியவனைத்தான் காறித் துப்பும். பக்கத்து ஊரில் ஒருவருக்கு அப்படி ஆகி, மனிதர் கல்யாணம் காட்சிக்குக்கூடத் தலை காட்டுவதில்லை.

ஆகவே காவலுக்கு என் மச்சினனை, அதாவது என் சம்சாரத்தின் தம்பியை, போட்டிருந்தேன். இருந்தாலும் காலையில் ஒரு சுற்று நானே வண்டியில் போய்வருவேன்.

அப்படிப் போன ஒரு காலையில் மடைக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். பேண்ட்டை முழங்காலுக்கு மடக்கிவிட்டுத் தலையில் கம்பளிக் குல்லா. புதுக்கோட்டைச் சீமையில் கம்பளிக் குல்லா போடுகிறவனைப் பார்த்தால் நாய்க்குக்கூடச் சந்தேகம் வரும். தூண்டில் என்றால் போட்டுவிட்டு உட்கார வேண்டும் அல்லவா? இவர் மெல்லிய நீளக் கம்பால் ஒரு மஞ்சள் கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னுமாகச் சாட்டைபோல வீசிக்கொண்டிருந்தார். தக்கை இல்லை. புழு டப்பா இல்லை.

"யோவ், யாரக் கேட்டு இங்கிட்டு தூண்டி போடுற?"

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றார், திரும்பாமலே. கயிற்றை இடது கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் ஒரு வட்டம்கூட எழவில்லை. ஆனால் அவர் கை வெடுக்கென்று சுண்டியது. கம்பு வளைந்தது. கையகலத்துக்கு ஒரு ஜிலேபிக் கெண்டை துள்ளிக்கொண்டு வந்தது. முள்ளில் இரை என்று ஒன்றும் இல்லை. சேவல் கழுத்து இறகைத் தையல் நூலால் சுற்றிக் கட்டியிருந்தார். முள்ளை மெல்லக் கழற்றி, மீனைத் தண்ணீரிலேயே விட்டார்.

"ஏன்யா விட்டுட்ட?"

"நான் மீனு திங்கிறதில்லண்ணே. கவிச்சி ஆகாது."

"திங்காத ஆளுக்குத் தூண்டி எதுக்கு?"

"பாக்குறதுக்கு."

"என்னத்தப் பாக்குற?"

"எப்ப நிக்கிதுன்னு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத ஆளை நான் விடமாட்டேன். கரையிலேயே உட்காரவைத்து விசாரித்தேன். பூர்வீகம் எங்கள் ஊர்தானாம். சின்ன வயதிலேயே மூணாறு பக்கம் போய் எஸ்டேட் பங்களாவில் சமையல் வேலை பார்த்தாராம். மேனேஜர் மலையோடையில் மீன் பிடிக்கப் போகும்போது கூடமாட நின்று இந்த வித்தையைக் கற்றாராம். அந்தக் கம்பு மேனேஜர் கொடுத்துவிட்டுப் போனதாம். அப்படித்தான் சொன்னார். யார் பார்த்தது?

"புழு நெசத் தீனிண்ணே" என்றார். "மீனு முழுங்கும். தக்கை முங்குற வரைக்கும் நீங்க பீடி குடிச்சுக்கிட்டு இருக்கலாம். எறகு பொய்த் தீனி. வாயில வச்ச ஒடனே அதுக்குத் தெரிஞ்சுபோகும், துப்பிரும். அதுக்குள்ள சுண்டணும்."

"தண்ணிக்கு அடியில அது வாயில வச்சது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. சந்தேகந்தான். நான் இழுக்க இழுக்க நூலு வரணும். வர்ற நூலு ஒரு எடத்துல நின்னுச்சுன்னா சுண்டிருவேன். தெரிஞ்சுக்கிட்டுச் சுண்டுவோம்னு இருந்தா ஒண்ணும் அம்புடாது."

"அது பாசியா இருந்தா?"

"திரும்ப வீசிக்க வேண்டியதுதான். தண்ணி என்ன கோவிச்சுக்கவா போகுது?"

சுண்டுவதையும் காட்டினார். கம்பைத் தூக்கிப் பிடுங்கினால் உதடு கிழிந்து மீன் போய்விடுமாம். இடது கையால் நூலை வெட்டி இழுக்க வேண்டும், உட்கார்ந்த ஈயைத் தட்டுகிற வேகந்தான். நானும் வீசிப் பார்த்தேன். கயிறு என் காதைச் சுற்றியது. எனக்கு வராதது என்று இந்த உலகத்தில் இருக்கிற ஒன்றிரண்டு காரியங்களில் அதுவும் ஒன்று.

தண்ணீரோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. மனிதர்களிடமும் அவர் அதைத்தான் பார்த்தார். பேசுகிற வாயைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். ஓடிக்கொண்டிருந்த கை எங்கே நிற்கிறது என்று.

பழைய டிராக்டர் ஒன்று வாங்க ஒரு தடவை அவரையும் கூட்டிப்போனேன். விற்கிறவன் பானெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினான். டயர் எப்படி, பேட்டரி எப்படி என்று கேட்கக் கேட்கத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னான். கியர் பாக்ஸ் என்றதும் துணி நின்றது. நின்றது என்று நான் பிறகுதான் யோசித்துத் தெரிந்துகொண்டேன். எறகுக்காரர் அதற்குள் கேட்டுவிட்டார்.

"எப்பத் தம்பி கழட்டுனீங்க?"

"போன ஆவணியில" என்று சொல்லிவிட்டுப் பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கழற்றினீர்களா என்று கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பான். அன்றைக்கே இரண்டு தீர்மானம் செய்தேன். இந்த ஆளை நம் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆளுக்கு எதிரில் உட்காரக் கூடாது.

டிராக்டர் வேண்டாம் என்று திரும்பிய கையோடு வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தேன். என் சம்சாரம் பரிமாறினாள். சோற்றுக்கு மேல் புளிக்குழம்பு ஊற்ற வந்த கரண்டி ஒரு கணம் அப்படியே நின்றது.

"ஏம்மா, நேத்து வச்ச கொழம்பா?" என்றார் எறகுக்காரர்.

அவள் சும்மா இருக்கிறவளா? "நேத்து வச்சதுதான். புளிக்கொழம்பு மறுநாத்தான் ருசி. அது தெரியலைன்னா மலையிலேயே கெடந்திருக்க வேண்டியதுதானே?"

அவர் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் போன பிறகு அவள் என்னிடம் சொன்னாள்: "அந்தாள இனிமே வீட்டுக்குக் கூட்டியாராதீங்க. பொம்பள கையி ஒரு நாளைக்கு நூறு தடவை நிக்கும். நூறு நெனப்பு. எல்லாத்துக்கும் அந்தாளுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கணுமா?"

அவள் சொன்னதில் இருந்த நியாயம் எனக்குப் பிறகு தெரிந்தது. ஒரு நாள் மடையோரத்தில் உட்கார்ந்திருந்தபோது, "ஒங்க வீட்ல எங்க இருக்காங்க?" என்று கேட்டேன். நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"மலையில, அவ அண்ணன் வீட்ல. ஒரு நா சோறு போட்டுக்கிட்டிருந்தா. கை நின்னுச்சு. 'எவன நெனச்ச?'ன்னு கேட்டுட்டேன். பழக்கம். புத்திக்கு முந்திக் கை சுண்டுற மாதிரி, அன்னைக்குப் புத்திக்கு முந்தி வாய் சுண்டிருச்சு."

"யாரத்தான் நெனச்சாங்களாம்?"

"செத்துப்போன அவ அக்காவ. அக்காவுக்கு அந்தக் கீரை பிடிக்குமாம்." நூலை இழுத்து மறுபடி வீசினார். "மறு நாள் போனவதான். தண்ணின்னா கோவிச்சுக்காது."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாவம் என்று நினைத்த உடனேயே எனக்கு இன்னொன்றும் தோன்றியது. மனைவி போனதற்கு இதுதான் காரணம் என்று நமக்கு எப்படித் தெரியும்? அப்படித்தான் சொன்னார்.

தண்ணீர் இறங்கத் தொடங்கிய மாசியில் ஒரு நாள் என் வீட்டு வாசலுக்கே வந்தார்.

"அண்ணே, கம்மாயில பெரிய மீனு கொறையுது."

"நீங்க முங்கிப் பாத்தீங்களா?"

"பெரிய மீனு நூல நிறுத்தும். சின்ன மீனு நூல நடுங்க வைக்கும். இந்த ரெண்டு வாரமா எங்கிட்டு வீசினாலும் நடுக்கந்தான். யாரோ வலை போட்டு அள்ளுறாங்க."

துண்டை வீசிவிட்டுச் சேற்றைப் பார்த்து நிற்கப் போகிறேனா? மச்சினனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பதிலைத் தயாராக வைத்திருந்தான்.

"மச்சான், நான் முந்தியே சொல்லணும்னு இருந்தேன். நான் காவலுக்கு இருக்கேன், ஒரு குருவி வரல. வர்றது அந்த மலையாளு ஒருத்தந்தான். எங்க ஆழம், எங்க மீனு கெடக்குன்னு பகல்ல பாத்து வச்சுக்கிட்டு எவனுக்கோ சொல்லுறான். மீனு திங்காதவனுக்குக் கம்மாயில என்ன சோலி?"

அது எனக்கும் இருந்த கேள்விதான். நேராக மடைக்குப் போனேன். "நாளையிலேருந்து நீங்க இங்கிட்டு வர வேணாம்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கயிற்றைச் சுற்றத் தொடங்கினார். "சரிண்ணே. ஆனா நான் போயிட்டா திருடன் போயிட்டானான்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? துண்டு வீசுற அன்னைக்குத்தானே தெரியும்?"

பேச்சு என் நெஞ்சில் தைத்தது. அதற்குள் அவரே சொன்னார்: "ஒரு எறகு வீசிப் பாக்கலாம். ஊரக் கூட்டுங்க. எல்லாருக்கும் டீ குடுங்க. டீ குடிக்கையில, திருவிழா வர்ற ஞாயித்துக்கெழமையேன்னு சும்மா சொல்லுங்க. மத்தவுங்களுக்கு அது சந்தோசம். அள்ளுறவனுக்கு அது இடி. மீனு இல்லாதது ஊருக்குத் தெரிஞ்சு போயிரும்ல? அவன் கை நிக்கும். நான் எந்தப் பக்கம் திரும்புறேனோ அந்தப் பக்கம் பாத்துக் கேட்டுருங்க. யாருன்னு பாத்துக்கிட்டு நிக்காதீங்க. 'எடுத்தியா'ன்னு கேக்காதீங்க."

வேறொருவனாக இருந்தால் யோசிக்கிறேன் என்றிருப்பான். நான் அன்று மாலையே பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஊரைக் கூட்டினேன். பெரிய தலைகள் எல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். என் தம்பி வந்தான், மச்சினன் வந்தான், கோயில் காரியக்காரர் வந்தார். என் மகன் கேத்தலைத் தூக்கி எல்லாருக்கும் டீ ஊற்றினான். எறகுக்காரர் படிக்கட்டோரமாக உட்கார்ந்து தன் குல்லாவைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்த வருசம் வெயில் சாஸ்தி" என்றேன். "தண்ணி வத்துறதுக்குள்ள, வர்ற ஞாயித்துக்கெழமையே துண்டு வீசிரலாம்னு இருக்கேன்."

"அப்பிடிப் போடுங்க!" என்றது ஒரு குரல். "மாப்ள, மீன் புடிக்கிற ஊத்தாக் கூடைய இன்னைக்கே எடுத்துக் காயப்போடு" என்று இன்னொரு குரல் சிரித்தது. எறகுக்காரரின் தலை தூண் பக்கம் திரும்பியது.

தூண் மறைவில் ஒரு கை மட்டும் தெரிந்தது. கையில் டீ டம்ளர். வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது, போய்ச் சேரவில்லை.

"வலைய எங்கடா வச்சிருக்க?" என்றேன்.

"நம்ம மோட்டார் ரூம்லதான் மச்சான்" என்றது தூண் மறைவிலிருந்து ஒரு குரல்.

சுண்டிய பிறகுதான் முள்ளில் யார் என்று பார்த்தேன். என் மச்சினன். அதுவும் என் மோட்டார் ரூமில், என் பூட்டுக்குள்!

மண்டபத்தில் எல்லாரும் தூண் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் ஊரே சிரித்தது. மச்சினன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். சொந்தம் என்று நான் பார்க்கவில்லை. வலையை எடுத்துவரச் சொல்லிக் கரையில் போட்டு எல்லார் கண் முன்னாலும் எரித்தேன். அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். என் சம்சாரம் என்னோடு பேச ஆரம்பிக்கச் சித்திரை ஆயிற்று. பேசியதும் முதல் பேச்சு, "அந்தக் குல்லாக்காரன் கண்ணு அவிஞ்சு போக" என்பதுதான்.

ஊர் அவருக்கு மாலை போடவில்லை. அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். கடைக்காரர் அவருக்கு மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு பால் ஆற்றினார். சீட்டாடுகிறவர்கள் கலைந்தார்கள். திருடனைப் பிடித்துக் கொடுத்தவர்மீது ஊருக்கு நன்றி இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார எவனுக்கும் தைரியம் இல்லை. எனக்கும்தான், ஆனால் நான் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

திருவிழா அந்தக் கோடையில் உரிய நாளில் நடந்தது. வலை நின்றதால் மிஞ்சியிருந்த மீன் ஊருக்குப் போதுமானதாக இருந்தது. கரையில் நின்று துண்டை வீசினேன். அந்த இரைச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. கலங்கிய சேற்றில் சனம் விழுந்து எழுந்து அள்ளியது. ஒரு கிழவி மடி நிறையக் கெண்டையோடு கரையேறி, "நல்லாயிருப்ப சாமி" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். என் முடியெல்லாம் சேறு. மண் சுமந்த நாளில் படிந்த சேற்றைவிட அது எனக்குப் பெரிசாக இருந்தது.

எறகுக்காரர் தண்ணீரில் இறங்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றார்.

"திருப்திதானேண்ணே?"

"ஒங்களாலதான்யா" என்றேன். வாயாரச் சொன்னேன். நான் அப்படி யாருக்கும் சொல்வதில்லை.

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு மண்டபத்துல ரெண்டு கை நின்னுச்சுங்க."

"என்ன?"

"ரெண்டு. ஒண்ணத்தான் சுண்ட முடியும்."

"இன்னொண்ணு யாரு கை?"

"அது துப்பிருச்சு."

"யாருன்னு சொல்லுய்யா!"

"அப்பவே சொல்லியிருந்தா அது சுண்டுறது. இப்பச் சொன்னா கோள். பாசியா இருந்தா? ஒரு தடவை பாசியச் சுண்டிட்டுத்தான் நான் தனியா பொங்கித் தின்னுக்கிட்டிருக்கேன்."

சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன், சுற்றிலும் சனம். மறு நாள் போய்ப் பார்த்தால் வீட்டில் பூட்டுத் தொங்கியது. கம்போடு காலை பஸ்ஸில் ஏறினார் என்றார்கள். மூணாறுக்குத்தான் போனார் என்று ஒருவர் சொன்னார், இல்லை, திண்டுக்கல்லில் ஓட்டலில் பார்த்தேன் என்று இன்னொருவர். நான் தேடவில்லை. தேடிப்போய்க் கேட்டாலும் சொல்ல மாட்டார்.

உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். மண்டபத்தில் யார் யார் இருந்தார்கள்? என் தம்பி. காரியக்காரர். கேத்தலோடு என் மகன். மச்சினன் தனியாக வலை இழுத்திருக்க முடியாது, அது இரண்டு ஆள் பிடிக்கிற வலை. மோட்டார் ரூம் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குவது. இன்னொரு பக்கம் இப்படியும் தோன்றும்: இரண்டாவது கை என்று ஒன்று இருந்ததா? அந்தப் பேச்சே அவர் போகிற போக்கில் வீசிய இறகோ? என் கை நிற்கிறதா என்று பார்க்கத்தான் வீசினாரோ? ஏன் என் கையைப் பார்க்க வேண்டும்? நான் யாரையும் ஏமாற்றியதில்லை. இந்த ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

போன வாரம் மத்தியானம் நானும் என் மகனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மெசின்கள் எல்லாம் இப்போது அவன் பொறுப்பில்தான். என் சம்சாரம் குழம்பு ஊற்றிக்கொண்டே, "ஒங்க மச்சினன் போன் பண்ணுனான், பொங்கலுக்கு வாரானாம்" என்றாள். சோறு பிசைந்துகொண்டிருந்த என் மகனின் விரல்கள் நின்றன.

வார்த்தை என் தொண்டைக்கு வந்துவிட்டது. எப்படிக் கேட்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். சுண்டினால் அந்தக் கணத்தில் சுண்ட வேண்டும். மாமன் ஊருக்கு வருவதை நினைத்து ஒருத்தன் கை நிற்கக் கூடாதா என்ன? மலையில் இருக்கிற அந்தப் பெண்ணின் கீரை நினைவுக்கு வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னப்பா?" என்றான் மகன்.

"என்னடா?"

"சாப்புடாம இருக்கீங்க?"

குனிந்து பார்த்தேன். எடுத்த கவளம் என் கையிலேயே இருந்தது. வாய்க்குப் போகாமல் நெஞ்சுக்கு நேரே நின்றுகொண்டிருந்தது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.